நாற்பதாயிரம் பேரும் நான்தான்

அந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்தும்மா. அணைக்க வேணாம், அப்படியே நிறுத்து. ஆங், இந்த இடம்தான். சாம்பல் கலர் உடுப்பு போட்டுக்கிட்டு, மொட்டைத் தலையோட வரிசையா நிக்கிறாங்க பாரு, அதுல முன்னாடி மூணாவது ஆள் யாருன்னு தெரியுதா? நான்தான். நாலாவது? அதுவும் நான்தான். பின்னாடி போகப் போகப் புள்ளி புள்ளியாத் தெரியுதே, அத்தனையும் நான்தான். மொத்தம் நாற்பதாயிரம் பேராம். படத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை செஞ்ச பொண்ணே சொல்லுச்சு.

என்னம்மா, போனைப் பாக்குற, என்னைப் பாக்குற, திரும்பப் போனைப் பாக்குற? தலையில முடி இருக்கு, நெத்தியில பொட்டு இருக்கு, அதான் உனக்குப் பிடிபடல. கண்ணை மட்டும் பாரு. இல்லையா? சரி விடு, பஸ் குலுங்குது, அதனால இருக்கும்.

என் பேரு லோகநாயகி. சாலிகிராமத்துல வந்து ஏஜென்ட் லோகா அக்கா வீடு எதுன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும். சினிமாவுல கல்யாணம், சாவு, சந்தை, ஊர்வலம்னு கூட்டமா ஜனங்க வர்றாங்கல்ல, அதுக்குப் பொம்பளைங்களை அனுப்புறது என் வேலை. முப்பது வருஷமா. காலையில அஞ்சு மணிக்கு வேன் வரும், ஏத்தி அனுப்பி, நானும் கூடவே போயி, சாயங்காலம் பத்திரமா இறக்கி விடணும். ஒருத்தி குறையக் கூடாது, ஒருத்தி மூஞ்சி சுளிக்கக் கூடாது. அப்படி ஒரு பேரு எனக்கு.

இந்தப் படத்துக்கு நூத்து இருபது பேர் வேணும்னு கேட்டாங்க. இருபத்திரெண்டு நாள் வேலை. எங்க தொழில்ல ஒரே படத்துல இருபத்திரெண்டு நாள்னா அது தீபாவளி மாதிரி. டைரக்டர் ஆதவன்னு ஒரு பையன். அரை டிராயர் போட்டுக்கிட்டு வருவான், ஆனா மரியாதையான பையன், 'மேம், மேம்'னுதான் கூப்பிடுவான். என்னை உக்கார வெச்சுக் கதையே சொன்னான். முப்பது வருஷத்துல என்கிட்ட யாரும் கதை சொன்னது கிடையாது, எத்தனை பேர், என்ன கலர் சேலை, அவ்வளவுதான் கேப்பாங்க.

நீ பாதி பாத்திருக்க, உனக்கே தெரியும். இருநூறு வருஷம் கழிச்சு ஒரு சர்க்கார். ஜனங்க அடிச்சுக்கிட்டுச் சாகறதுக்குக் காரணமே ஆளுக்கு ஒரு மூஞ்சி இருக்கிறதுதான்னு முடிவு பண்ணி, பொறக்கிற பொம்பளைப் பிள்ளைக்கெல்லாம் ஒரு மூஞ்சி, ஆம்பளைப் பிள்ளைக்கெல்லாம் ஒரு மூஞ்சின்னு ஆபரேஷன் பண்ணிடுது. பேரும் கிடையாது. சிரிச்சாப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க, அழுதாலும் அப்படித்தான். மனுஷங்களை இப்படிப் பண்ணலாமா, சொல்லு? "சார், ரொம்ப நல்ல கருத்து சார், நாலு ஜனம் யோசிக்கும்"னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து நம்ம பொம்பளைங்களைச் சுவத்தோரம் நிக்க வெச்சு, உயரம் அதிகமா இருந்த ஆறு பேரையும், மூக்கு எடுப்பா இருந்த நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு வேற பத்துப் பேரைச் சேத்தேன். வேலைன்னா சுத்தமா இருக்கணும்மா.

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய கொட்டகையில செட்டு. முதல் நாள் மேக்கப்புக்கே பகல் ஆயிடுச்சு. தலையில ரப்பர்ல மொட்டைத் தொப்பி, மூஞ்சி பூரா சாம்பல் பூச்சு, புருவத்தை மறைச்சுட்டாங்க. நூத்து இருபது பேரும் வெளிய வந்து நின்னப்ப, சத்தியமா சொல்றேன், எனக்கே யாரு யாருன்னு தெரியல. அதுல என்ன கூத்துன்னா, வாசுகின்னு ஒருத்தி சாப்பாட்டுப் பொட்டலத்தை மூணு தடவை வாங்கிட்டா. யாரைத் திட்டறது? எல்லாம் ஒரே மூஞ்சி! நான் விடுவேனா? எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கடின்னேன். காலைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். வாசுகிக்கு ரெண்டாவது விரல் நீளம். மங்கைக்குக் குதிகால் வெடிப்பு. ரோஸ்மேரிக்குச் சுண்டு விரல்ல நகமே கிடையாது, ஒரு தண்டவாள சீன்ல கல்லு விழுந்தது. நூத்து இருபது ஜோடிக் காலும் எனக்கு மனப்பாடம். ரெண்டாவது நாள் எல்லாருக்கும் சாம்பல் கலர்ல ஷூ குடுத்துட்டாங்க, அது வேற விஷயம்.

ரோஸ்மேரின்னு சொன்னேன்ல, அவளாலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

நல்லவதான். இருபது வருஷமா என்கிட்ட இருந்தா. ஒரு பொண்ணு, புருஷன் கிடையாது. அவளுக்கு ஒரு கோளாறு. வாயோட இடது ஓரம் கொஞ்சம் மேல ஏறினாப்புல இருக்கும். சும்மா நின்னாலும் சிரிக்கிற மாதிரியே தெரியும். கல்யாண சீன்ல முன்னாடி நிறுத்துவேன், சாவு சீன்ல பின்னாடி தள்ளிடுவேன், பொழப்பு ஓடிக்கிட்டிருந்தது. இந்தப் படத்துல எல்லாம் ஒரே உயரம்னு அளவெடுத்து நிறுத்தினதுல அவ மூணாவது வரிசையில நடுவுல வந்துட்டா.

ஷாட்டு என்னன்னா, மணி அடிக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல தலையைத் தூக்கி வானத்தைப் பாக்கணும். அவ்வளவுதான். எட்டு டேக் ஆச்சு. டைரக்டர் மைக்குல கத்தறான், "மூணாவது வரிசையில அந்த அம்மா ஏன் சிரிக்கிறாங்க?"

ரோஸ்மேரி கையைத் தூக்கி, "சிரிக்கல சார். எங்கம்மா பெத்ததே இப்படித்தான்"ங்கறா.

செட்டே சிரிச்சது. டைரக்டர் சிரிக்கல. "மேம், என் உலகத்துல யாருமே சிரிக்கக் கூடாது. பாத்துக்கோங்க"ன்னான்.

நான் போயி அவ காதுல, "ஏன்டி மானத்தை வாங்குற, உன் புருஷன் செத்ததை நினைச்சுக்கோடி"ன்னேன்.

"அதை நினைச்சாத்தான் அக்கா எனக்குச் சிரிப்பே வருது"ன்னா பாரு! அவன் அப்படிக் குடிச்சு அடிச்சவன். பக்கத்துல நின்ன பத்துப் பேரும் குலுங்கிச் சிரிச்சு, பூச்செல்லாம் விரிசல் விட்டுப் போயி, மறுபடி மேக்கப். அன்னிக்குப் பொழுதே போச்சு.

மூணாவது நாள் ஒரு பொண்ணு வந்துச்சு, நிஹாரிகான்னு பேரு, ஹைதராபாத்துல கம்ப்யூட்டர்ல படத்துக்கு வேலை செய்யற பொண்ணு. டைரக்டர்கிட்ட ஏதோ சொல்லிச்சு. எதுக்கு இத்தனை பேரோட மல்லுக்கட்டணும், ஒரே ஒரு மூஞ்சிய அளவெடுத்துக் குடுங்க, நான் ஊரு பூரா ஒட்டித் தர்றேன்னு. அப்ப யாரு மூஞ்சின்னு கேள்வி. வரிசையில ஒவ்வொருத்தியாப் பாத்துக்கிட்டே வருது. இவ கண்ணுல பயம் தெரியுது, இவளுக்குக் கோபம், இவ யாரையோ தேடறான்னு தள்ளிக்கிட்டே வந்து, ஓரத்துல இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்ன என்னைப் பாத்து நின்னுடுச்சு.

"சார், இவங்க முகத்துல ஒண்ணுமே இல்ல. இதுதான் நமக்கு வேணும்."

டைரக்டர் வந்து இந்தப் பக்கம் பாக்கறான், அந்தப் பக்கம் பாக்கறான். "பர்ஃபெக்ட்"டுன்னான். என் வாழ்க்கையில யாரும் என் மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லம்மா.

ஒண்ணுமே இல்லன்னா என்ன அர்த்தம்? களங்கம் இல்லன்னு அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அது சும்மா வர்றதில்ல. நாளைக்கு வேலை இருக்கா அக்கான்னு தினம் நூறு பேர் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. இருக்குன்னும் தெரியக் கூடாது, இல்லன்னும் தெரியக் கூடாது. முப்பது வருஷம் பழகின மூஞ்சி இது.

நீ சின்னப் பொண்ணு, உனக்குச் சொல்றதுக்கு என்ன. நான் ஆரணியில இருந்து பத்தொம்பது வயசுல நடிக்கத்தான் மெட்ராஸ் வந்தேன். ஒரு படத்துல கதாநாயகிக்குத் தோழி. ஒரு வசனம்கூட இருந்தது, "அவர் வந்துட்டாரு"ன்னு. படம் வந்தப்ப ஆரணியில எங்க வீட்டு ஜனம் பதினோரு பேர் சேர்ந்து போனோம். பாத்தா, வெட்டிட்டாங்க. என் முதுகு மட்டும் ஒரு ஓரமாப் போச்சு. எங்கம்மா அதுக்கே கையத் தட்டினாங்க. "அது எங்க லோகா, ஜடையைப் பாத்தாலே தெரியாதா"ன்னு பக்கத்து சீட்டுக்காரிகிட்ட சொன்னாங்க. நான் அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே கேமரா முன்னாடி நிக்கறதில்லன்னு. அதோட ஏஜென்ட் ஆயிட்டேன்.

அப்ப நினைச்சுப் பாரு, இத்தனை வருஷம் கழிச்சு நாற்காலி போட்டு உக்கார வெச்சு, சுத்தி நூறு கேமரா! "சும்மா இருங்க மேம், எதுவும் நினைக்காதீங்க"ன்னாங்க. ரெண்டு மணி நேரம் இருந்தேன். எனக்கு அது சுலபமாத்தான் வந்தது.

அளவெடுத்து முடிச்சு, ஒரு பேப்பர் குடுத்தாங்க. இங்கிலீஷ்ல பதினோரு பக்கம். சாப்பாட்டு நேரம். நான் பேனாவைக் கையில எடுத்தப்ப, அந்தப் பொம்பளைங்க எல்லாம் எழுந்து வந்து என் முன்னாடி நின்னுட்டாங்க. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. நூத்து இருபது சாம்பல் மூஞ்சி. அதுல ஒரு மூஞ்சி பேசுது.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க."

குரலைக் கேட்டதுமே ரோஸ்மேரின்னு தெரிஞ்சது. "ஏன்டி"ன்னேன்.

"உங்க மூஞ்சிய அவங்க எடுத்துக்கிட்டா, அப்புறம் எங்க மூஞ்சி யாருக்கு அக்கா வேணும்?"

"இது இந்த ஒரு படத்துக்குத்தான்டி"ன்னேன்.

"பேப்பர்ல அப்படி எழுதியிருக்கா? படிச்சீங்களா?"

படிக்கலதான். ஆனா எல்லார் முன்னாடியும் அப்படிக் கேக்கலாமா? நான் ஏத்தி விட்டு வளர்ந்தவ என்னைக் கேக்கறா. "உனக்குச் சிரிக்காம நிக்கத் தெரியல, அதனாலதான்டி இவ்வளவும்"னு கத்திட்டேன். அவ வாய் ஓரம் மட்டும் அப்படியே மேல ஏறி இருந்தது. என்னைப் பாத்துச் சிரிக்கிறாளோன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. போட்டுட்டேன். பதினோரு பக்கத்துலயும் போட்டேன்.

அன்னிக்கு சாயங்காலமே அவங்க எல்லாருக்கும் பேக்கப். இருபத்திரெண்டு நாள்னு சொன்னது மூணு நாளோட முடிஞ்சது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், நீயே சொல்லு. கம்பெனி முடிவு. தொப்பியக் கழட்டி, மூஞ்சி கழுவி, வேன்ல ஏறினாங்க. எப்பவும் "வரோம்க்கா, வரோம்க்கா"ன்னு காது கிழியும். அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல. களைப்பா இருந்திருப்பாங்க.

எது, கூடுவாஞ்சேரி தாண்டிடுச்சா? பேசினா நேரம் போறதே தெரியல.

படம் வந்தது. முதல் நாள் முதல் ஆட்டம் போனேன். அடேயப்பா! திரை பூரா நான். பால்கனியில நான், ரோட்டுல நான், பேக்டரியில நான், ரயில்ல ஜன்னலுக்கு ஜன்னல் நான். கதாநாயகன் ஓடறான், அவனைப் பாத்துத் திரும்பற அத்தனை பேரும் நான். விசில் அடிக்கலாமான்னு இருந்தது. வெளிய வந்து வாசல்ல ஒரு அரை மணி நேரம் நின்னேன். சும்மாதான் நின்னேன். ஜனங்க என்னை இடிச்சுக்கிட்டே போயி, வாசல்ல ஒட்டியிருக்கிற பெரிய போஸ்டர் முன்னாடி நின்னு செல்பி எடுக்கறாங்க. போஸ்டர்லயும் நான்தான். ஒருத்தன் என்கிட்டயே போனைக் குடுத்து, "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்"ன்னான். எடுத்துக் குடுத்தேன்.

எதிர்வீட்டு சியாமளா படத்தை ரெண்டு தடவை பாத்துட்டா. "அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்தாலே பயமா இருந்துச்சு லோகா, ராத்திரி தூக்கமே வரல"ங்கறா. என் வீட்டுக் காபியக் குடிச்சுக்கிட்டே சொல்றா! அது நான்தாண்டின்னு சொன்னேன். "அப்படியா?"ன்னு உத்துப் பாத்துட்டு, "போ, விளையாடாதே"ன்னுட்டா.

அப்புறம் கொஞ்ச நாள் வேலை மந்தம். இந்த சீசனே அப்படித்தான், யாரைக் கேட்டாலும் மந்தம்ங்கறாங்க. நான் கம்பெனிகளுக்குப் போன் போட்டா, "கூட்டம் ரெடியா இருக்கும்மா, வேணும்னா சொல்றோம்"ங்கறாங்க. எந்த ஏஜென்ட் அனுப்பினான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. பொம்பளைங்களும் போன் எடுக்கறதில்ல. பொறாமை, வேறென்ன? வாசுகி கேட்டரிங்ல சேந்துட்டாளாம். மங்கை துணிக்கடை. ரோஸ்மேரி ஒரு ஸ்கூல் வேன்ல ஆயாவாப் போறா. குழந்தைங்க அவகிட்டத்தான் ஒட்டிக்குதாம்.

அப்புறம் ஒரு நாள், போன மாசம்னு வெச்சுக்கோயேன், மதியம் டிவியில ஒரு ராஜா கதை. வேற கம்பெனி, வேற டைரக்டர். நான் பாட்டுக்குக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பாக்கறேன். ஒரு ஊரைக் கொளுத்தற சீன். தீவட்டியோட ஒரு கூட்டம் வருது. ஒரு பொம்பளையத் தலைமுடியப் பிடிச்சு இழுத்துட்டு வர்றாங்க, வயித்துப் பிள்ளைக்காரி. கல்லெடுத்து அடிக்கறாங்க.

அந்தக் கூட்டம் நான்.

முடி வெச்சிருக்காங்க, சேலை கட்டி விட்டிருக்காங்க, ஆனா நான்தான். முந்நூறு பேர் இருக்கும். மொட்டை இல்லாததால இப்பத்தான் நல்லாத் தெரியுது, அச்சு அசலா நான். அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்பிடுது. ஒருத்தி மூஞ்சியிலயாவது ஒரு இரக்கம் இருக்கணுமே. இல்ல. நான்தான் எதுவும் நினைக்காம உக்காந்திருந்தேனே, எங்கிருந்து வரும்?

நம்ம பொம்பளைங்களா இருந்தா அப்படி இருந்திருக்காது. நான் பாத்திருக்கேன். இந்த மாதிரி ஒரு சீன்ல, பல வருஷம் முன்னாடி, அட்டைக் கல்லுதான், அதை எறியச் சொன்னா மங்கை அழுதுட்டா. கட், கட்னு கத்தறாங்க, இவ போயி அந்த நடிகைக்குத் தண்ணி குடுக்கறா. அன்னிக்கு நான் அவளை என்ன திட்டு திட்டினேன்...

அந்த ஆதவன் ஆபீஸுக்குப் போன் போட்டேன். அந்த மூஞ்சி அவங்க சொத்தாம், யாருக்கு வேணும்னாலும் குடுப்பாங்களாம், ஏழாவது பக்கத்துல இருக்காம். இருக்கட்டும். வீட்டுல கண்ணாடியை மட்டும் கழட்டி பீரோ மேல வெச்சிருக்கேன். ஆணி ஆடிக்கிட்டிருந்தது, அதான்.

இன்னிக்கு எங்க போறேன்னு கேட்டல்ல, ஏறும்போது? சிங்கப்பெருமாள் கோயில். ரோஸ்மேரி பொண்ணு பெனிட்டாவுக்குக் கல்யாணம். பத்து மணிக்கு சர்ச்சுல தாலி, அப்புறம் பஸ் ஸ்டாப் எதிர்லயே மண்டபத்துல விருந்து. பத்திரிகை டீக்கடையில ஒட்டியிருந்தது, அதுல பாத்தேன். எல்லார் வீட்டுக்கும் போயிக் குடுத்தாளாம். என் வீடு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு, வர நேரம் இருந்திருக்காது. அதுக்காக நாம விட்டுக் குடுக்க முடியுமா? அந்தப் பொண்ணுக்கு மூணு வயசு இருக்கும்போது காய்ச்சல், இவ சூட்டிங்கை விட முடியாம நின்னப்ப, நான்தான் மடியில போட்டுக்கிட்டு செட்டு ஓரமா உக்காந்திருந்தேன். "லோகா அத்தை, லோகா அத்தை"ன்னு கழுத்தைக் கட்டிக்கும். பெரியவங்க சண்டையில அது என்ன பண்ணுச்சு?

மறைமலைநகர் போயிடுச்சா? அடுத்தது அதானே?

இந்தாம்மா, நீ கொஞ்சம் இந்த ஜன்னல் பக்கம் வந்துடறியா? நான் உள்ள தள்ளி உக்காந்துக்கறேன். வெயில் அடிக்குது. இந்தப் பக்கம் வெயில் இல்லதான், இருந்தாலும் மாறிக்கோயேன்.

அதோ தெரியுது பாரு மண்டபம். வாழை மரம், சீரியல் லைட்டு, நல்லாத்தான் பண்ணியிருக்கா. வாசல்ல பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு நிக்கறது வாசுகி. பக்கத்துல மங்கை. அதோ சந்திரமதியும் அவ தங்கச்சியும், அவங்களும் நம்ம கூட்டம்தான். எல்லாரும் வந்திருக்காங்க. அவங்களுக்குள்ள என்ன அப்படிச் சிரிப்பு? நீ கையக் காட்டாத. அவங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க, அதுக்கில்ல...

"சிங்கப்பெருமாள் கோயில் எல்லாம் இறங்கு! அம்மா, நீங்க இங்கதானே கேட்டீங்க?"

இல்லப்பா, நான் செங்கல்பட்டு போறேன். டிக்கெட்டா? நீ தப்பாக் குடுத்திருப்ப. வேணும்னா அதுக்கும் சேத்துக் குடுத்துடறேன், நீ விசில் அடி, ஜனங்க காத்துக்கிட்டிருக்கு.

என்னம்மா அப்படிப் பாக்குற? கூட்டமா இருக்கு மண்டபத்துல. செங்கல்பட்டுல இறங்கி, மத்தியானமாத் திரும்பி வந்தாப் போச்சு. பந்தி முடிஞ்சு கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கும். பெனிட்டாவை மட்டும் பாத்துட்டு... அதுக்குள்ள அவளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களே? அனுப்பிடுவாங்களா? சர்ச்சுக் கல்யாணத்துல சீக்கிரமா அனுப்பிடுவாங்களோ?

ஏம்ப்பா! ஏய் தம்பி! ஹோல்டான், ஹோல்டான்! நிறுத்தச் சொல்லுப்பா டிரைவரை. வயசான பொம்பள இறங்கறேன்ல, அதுக்குள்ள என்ன அவசரம்? காலைக் கொஞ்சம் மடக்கும்மா, சீட்டுக்கு அடியில பை இருக்கு. இல்ல, பையை நானே எடுத்துக்கறேன்.

திட்டினா திட்டட்டும். நூத்து இருபது பேரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாலும் கேட்டுக்கறேன். சாப்பிடாமப் போன்னு மட்டும் சொல்ல மாட்டாளுங்க, எனக்குத் தெரியும்.